இருபத்திரண்டு மாடியும் எங்கள் தெருவும்

எங்கள் தெருவில் எந்த மனு எழுதினாலும் முதல் கையெழுத்து என்னுடையதாகத்தான் இருக்கும். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, நாய்த் தொல்லை, எதுவாக இருந்தாலும் தாளின் தலையில் 'அருணாதேவி' என்று இருந்தால்தான் மற்றவர்கள் பேனாவையே திறப்பார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். அந்தக் கர்வம்தான் போன ஆடி மாதம் என் காலை வாரிவிட்டது.

செங்கம் சாலையிலிருந்து தெற்கே பிரியும் சின்னத் தெரு எங்களுடையது. மொத்தம் முப்பத்து மூன்று வீடு. என் வீட்டு மாடியில் மூன்று அறை போட்டு, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். ஏசி கிடையாது, வெந்நீர் காலையில் மட்டும்தான். ஆனாலும் வந்தவர்கள் மறு வருஷமும் வந்து நிற்பார்கள். காரணம், மாடிக் கதவைத் திறந்தால் நேர் எதிரே அடியிலிருந்து உச்சி வரை மலை. நானும் இருபத்து மூன்று வருஷமாகத் துணி காயப்போட மாடி ஏறியதும் முதலில் அந்த உச்சியைத்தான் பார்க்கிறேன். கும்பிடுகிறதெல்லாம் இல்லை, சும்மா ஒரு பார்வை. மேகம் மூடியிருந்தால் அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவேன். தீபத்தன்று சாயங்காலம் தெருவே என் மாடிக்கு வந்துவிடும். உச்சியில் ஜோதி தெரிந்த பிறகுதான் விரதம் விடுவோம்.

தெரு முனையில், எங்களுக்கும் சாலைக்கும் நடுவே, முன்பு ஒரு கடலை எண்ணெய் மில் இருந்தது. அதை இடித்த பிறகு பல வருஷமாக வெறும் மனையாகக் கிடந்தது. சென்னைக் கம்பெனி ஒன்று அந்த இடத்தை வாங்கி, சுற்றித் தகரம் அடித்து, பலகை நட்டது. 'மலைமுகம் டவர்ஸ். இருபத்திரண்டு மாடிகள். சொகுசின் உச்சம்.' இருபத்திரண்டை இரண்டு தடவை படித்தேன். கையில் இருந்த காய்கறிப் பையோடு அப்படியே தகரக் கதவைத் தட்டினேன்.

கம்பெனி மேனேஜர் பாலாஜி வந்தார். கசங்காத சட்டை, எதைக் கேட்டாலும் மாறாத சிரிப்பு.

"சார், இத்தினி ஒசரம் கட்டினா எங்களுக்கு மலை உச்சி தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"மேடம், நீங்க கேப்பீங்கன்னுதான் படமே போட்டு வச்சிருக்கோம்" என்று வழவழப்பான ஒரு அட்டையை நீட்டினார்.

பௌர்ணமி நாளில் எங்கள் தெரு மாடி ஒன்றிலிருந்து எடுத்த போட்டோ அது. முன்னால் காலி மனை, அதற்கப்பால் சாலையில் கிரிவலம் போகும் கூட்டம், பின்னால் மலை. அதன்மேல் கட்டப்போகும் கட்டடத்தை வரைந்து ஒட்டியிருந்தார்கள். இடது பக்கம் டவர், முழுக்கக் கண்ணாடி. வலது பக்கம் தள்ளி, உச்சி முழுசாகத் தெரிந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. மலையின் வடிவம் ஏதோ மாறியிருப்பதுபோல் ஒரு கணம் பட்டதுதான். ஆனால் இந்த ஊரில் நான்கு வீடு தள்ளி நின்றாலே மலை வேறு முகம் காட்டும். எந்த மாடியில் ஏறி எடுத்தார்களோ என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் 'இது என்ன மலை' என்று கேட்டிருப்பேன். உள்ளூர்க்காரி, எல்லாம் தெரிந்தவள், கேட்கவில்லை. 'படம் பார்த்தேன். மலை மறையவில்லை. ஆட்சேபணை இல்லை' என்று அவர் கொடுத்த கருத்துப் படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"அருணாவே போட்டுட்டாளா?" என்று கேட்டுக் கேட்டு மற்ற முப்பத்திரண்டு வீடும் இரண்டே நாளில் போட்டுவிட்டன.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாலையோரக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். கருத்துதான் ஏற்கெனவே வாங்கியாயிற்றே, அப்புறம் எதற்குக் கூட்டம் என்றால், நகரமைப்புப் பிரிவு அதிகாரி ஒருவர் நேரில் வந்து கேட்டுக் கோப்பில் எழுத வேண்டுமாம். அவர் மேடையில் ஓரமாக உட்கார்ந்து சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் டவரின் மாதிரி. பக்கத்தில் அதை வரைந்த என்ஜினியர் அருண்பிரசாத் நின்றிருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். முதல் குழந்தையை உறவுக்காரர்களுக்குக் காட்டுகிற தகப்பன் முகம்.

என் வீட்டுக்காரர் சகாதேவன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு டவர் மேல் ஆரம்பத்திலிருந்தே ஆசை. "இத்தினி மாடி வந்தா புது ட்ரான்ஸ்பார்மர் வெச்சாவணும். நம்ம தெருல வோல்டேஜ் கம்மிங்கற பேச்சே இருக்காது" என்று ஒரு மாதமாக அதே பாட்டு. கூட்டத்தில் முதல் கருத்தும் அவருடையதுதான். எழுந்து, டிசைன் பிரமாதம் என்று பாராட்டிவிட்டு, ட்ரான்ஸ்பார்மர் எங்கே வரும் என்று வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்து, திருப்தியாக உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒன்று. சமையலறை தென்கிழக்கில் இல்லை என்றார் ஒருவர். செருப்பு விட இடமே காணோமே என்றார் இன்னொருவர். மொட்டை மாடியில் நீச்சல் குளம் என்றதும் பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "எங்களுக்குக் குழாய்ல மூணு நாளுக்கு ஒருவாட்டிதான் தண்ணி வருது, உங்களுக்கு ஆகாசத்துல குளமா?" என்றது. சுவரெல்லாம் கண்ணாடியாக இருந்தால் சித்திரை வெயிலில் எதிர்வீட்டு மாடு என்ன ஆகும் என்று ஒருத்தி கவலைப்பட்டாள். அருண்பிரசாத் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பாவம், மாட்டைக்கூட எழுதினார்.

அடுத்து எழுந்தது ஜோதியம்மாள். தெருவின் முதல் வீடு, மனையை ஒட்டியே இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு அவளுடையது. வாசலில் அடுப்பு வைத்து இட்லி விற்கிறாள். அறுபது வயசு, பேச்சில் மட்டும் இருபது.

"தம்பி, இருபதாவது மாடியில ஒருத்தர் தவறிட்டார்னு வையி. எப்படி இறக்குவ?"

"சர்வீஸ் லிப்ட் இருக்கும்மா."

"பாடை அதுல படுக்குமா?"

அருண்பிரசாத் யோசித்தார். "கொஞ்சம்... சாய்க்க வேண்டியிருக்கும்."

"சாய்ச்சியா, நிக்க வெச்சியா, உண்மையச் சொல்லு."

மண்டபம் சிரித்ததில் அதிகாரிக்குப் புரையேறியது. பாலாஜி மட்டும் அதே சிரிப்போடு மைக்கைப் பிடித்தார். எங்கள் தெருவின் முப்பத்து மூன்று சம்மதப் படிவமும் ஐயாவிடம் இருக்கிறது என்று சொல்லி, மலைக்காட்சிப் படத்தைப் பின்சுவர் முழுக்க விழும்படி புரொஜெக்டரில் போடச் சொன்னார். "உங்க தெருவுல முதல் கையெழுத்துப் போட்ட அருணாதேவி மேடம் இப்ப ரெண்டு வார்த்தை பேசுவாங்க. அதோட கூட்டத்த முடிச்சிக்கலாம்."

பேச வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லவே இல்லை. என்றாலும் மைக் கிடைத்தால் வேண்டாம் என்கிற ஜாதி இல்லை நான். புடவையைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினேன். இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கலாம் என்றுதான் நினைத்தேன். பேசுவதற்கு முன் திரும்பிப் படத்தைப் பார்த்தேன்.

அட்டையில் எறும்பு அளவில் இருந்த கூட்டம் சுவரில் ஆள் உயரத்துக்கு இருந்தது. வெறுங்கால்கள் தெரிந்தன. கையில் செருப்புப் பையைத் தூக்கிய ஒருவர், தோளில் குழந்தையோடு ஒருவர், அவர்களுக்குப் பின்னால் ஒரு நூறு பேர். எல்லோரும் இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

படத்துக்கு இன்னும் ஓரடி கிட்டே போனேன். எங்கள் மாடியில் நின்று மலையைப் பார்த்தால், கிரிவலம் போகிறவர்கள் வலப் பக்கமிருந்து வந்து இடப் பக்கமாகப் போவார்கள். இருபத்து மூன்று வருஷப் பௌர்ணமியில் ஒரு தடவைகூட அது மாறினதில்லை. மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும் என்று இந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும்.

"பாலாஜி சார், இவங்கல்லாம் எங்க போறாங்க?" என்றேன் மைக்கில்.

"கிரிவலம்தான் மேடம்."

"கிரிவலம்னா மலை எந்தக் கைப்பக்கம் இருக்கணும்?"

அவர் பதில் சொல்வதற்குள் மண்டபமே சொன்னது, "வலது கை!"

"இந்தப் படத்துல எந்தக் கைப்பக்கம் இருக்குது? நல்லாப் பாருங்க."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பாதிப் பேர் எழுந்து நின்று, தங்கள் கையை நீட்டித் திருப்பிப் பார்த்தார்கள். "அடச்சே, இடது கை!" என்று யாரோ கத்தினார்கள்.

பாலாஜி விடவில்லை. "சுத்தி முடிச்சிட்டுத் திரும்பி வர்றவங்களா இருக்கும் மேடம்."

"நூறு பேருமா? சுத்தி முடிச்சவங்க எதுக்குத் திரும்பி வரணும்? கோயில் வாசல்லயே பஸ் ஏறிட மாட்டாங்களா?"

அப்போது ஜோதியம்மாள் தன் நாற்காலியை விட்டு, படத்துக்குக் கிட்டே போய், கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பிறகு தன் தோளைத் தொட்டுக்கொண்டாள். மைக் இல்லாமலே மண்டபம் அதிரும் குரல் அவளுக்கு.

"ஏய் அருணா, இங்க வந்து பாரு! படத்துல இருக்கற அத்தினி பொம்பளைங்களுக்கும் முந்தானை வலது தோள்ல கீது!"

மண்டபத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் இடது தோளைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. போட்டோவைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, அதன்மேல் டவரை ஒட்டியிருக்கிறார்கள்.

நான் அருண்பிரசாத்தைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, இது நீங்க பண்ணதா?"

"இல்லம்மா. படம் விளம்பர ஆளுங்க பண்ணது. சத்தியமா எனக்குத் தெரியாது."

"சரி. போட்டோவ நேராத் திருப்பிப் போடுங்க. டவரத் தொடாதீங்க. அது நிக்கற எடத்துலயே நிக்கட்டும்."

"அருண், வேணாம்" என்றார் பாலாஜி. அந்த மனுஷர் சிரிக்காமல் பேசி அன்றுதான் பார்த்தேன்.

அருண்பிரசாத் நோட்டை மூடினார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சுவரில் படம் ஒரு தரம் துள்ளியது. கூட்டம் வலமிருந்து இடமாக நடக்க ஆரம்பித்தது. முந்தானைகள் இடது தோளுக்கு வந்தன. மலையும் தன் சொந்த வடிவத்துக்கு வந்தது. இப்போது அது எங்கள் மலை, எங்கள் மாடியிலிருந்து தெரிகிற அதே மலை. ஆனால் உச்சி இல்லை. உச்சி இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு மாடிக் கண்ணாடி நின்றது.

 எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுகையில் பாதி கோபம், மீதி அவமானம். முப்பத்திரண்டு வீடும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவை. அதை முழுங்கிவிட்டு இறங்க முடியாது.

"மொதக் கையெழுத்து என்னுது" என்றேன். மைக்கை விடவில்லை. "உச்சி தெரியுதான்னு மட்டும் பார்த்தேன். ஜனங்க எந்தப் பக்கம் நடக்கறாங்கன்னு பாக்கல. என்னை நம்பி நீங்கல்லாம் போட்டீங்க. தப்பு என்னோடது. ஐயா, அந்தப் பாரத்தக் குடுங்க, நான் அடிச்சிடறேன்."

அதிகாரி கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "அடிக்கல்லாம் கூடாதும்மா. வாபஸ் வாங்கறேன்னு எழுத்துல குடுங்க, சேர்த்துக்கறேன்."

எழுத்து என்றால் நமக்குச் சொல்ல வேண்டுமா? அருண்பிரசாத்தின் நோட்டையே வாங்கி, மாட்டுக்கு அடுத்த பக்கத்தில், மேடையிலேயே உட்கார்ந்து எழுதினேன். 'காட்டிய படம் திருப்பிப் போடப்பட்டது. எங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம்.' கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் என் வீட்டுக்காரர் எதிரே நிற்கிறார்.

"ட்ரான்ஸ்பார்மர் போனாப் போவுது. பேனாவக் குடு" என்றார்.

அவர் பின்னால் ஒரு வரிசையே நின்றது. முப்பத்து மூன்று வீடும் போட்டு முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கடைசியாக ஜோதியம்மாள் போட்டுவிட்டு மேடையிலிருந்து கையை உயர்த்தியதும் மண்டபத்தில் எழுந்த சத்தத்தில், பந்தி ஆரம்பித்துவிட்டதோ என்று, கம்பெனி மதிய விருந்துக்கு அழைத்து வந்திருந்த சமையல்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தெருவில் ஒரு வீடு மறுத்தாலும் கோப்பு நகராது என்று அதிகாரி எழுதிவைத்துவிட்டார். அந்த வருஷத் தீபத்தை வழக்கம்போல என் மாடியிலிருந்து பார்த்தோம். தை பிறந்து ஒரு வாரம் இருக்கும், அருண்பிரசாத் தனியாக என் வீட்டுக்கு வந்தார். இருபத்திரண்டை ஏழாகக் குறைத்திருக்கிறோம், கண்ணாடியும் குளமும் கிடையாது, கட்டடம் கிழக்கே தள்ளிப் போகிறது என்றார். பையிலிருந்து அட்டையை எடுக்கப் போனவரை நிறுத்தினேன்.

"படம் வேணாம் தம்பி. எங்க கண்ணால பாக்கற மாதிரி எதுனா பண்ணுங்க."

அவர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "பண்ணலாம்மா" என்றார்.

அடுத்த புதன்கிழமை, காற்று இல்லாத காலை நேரம். மனைக்குள் நாலு பெரிய சிவப்புக் காஸ் பலூன்களை ஒரே கயிற்றில் கட்டினார்கள். கயிற்றில் மாடிக்கு ஒன்றாகத் துணி முடிந்திருந்தது. ஏழாவது துணி தரையை விட்டுப் போகும்வரை கயிற்றை விட்டார் அருண்பிரசாத். பலூன் நிற்கிற உயரம்தான் கட்டடத்தின் உயரம். பாலாஜி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெருவில் அவரவர் மாடியில் குடும்பத்தோடு ஏறி நின்றோம்.

என் மாடியிலிருந்து பார்த்தேன். பலூன் மலையின் தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதற்கு மேலே உச்சி, கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக நின்றது.

"தெரியுது!" என்று கத்தினேன்.

"தெரியுது!" என்றது எதிர் மாடி. "எங்களுக்கும் தெரியுது!" என்றது அடுத்த வீடு. ஒவ்வொரு மாடியாகச் சொல்லிக்கொண்டே தெருக்கோடி வரை போனது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முப்பத்திரண்டு வரை விரல் மடக்கினேன். ஒன்று குறைந்தது.

"ஜோதியம்மா!" என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கூப்பிட்டேன். "உங்களுக்கு?"

கீழே, தெருவின் முதல் வீட்டு வாசலில், அடுப்புக்குப் பக்கத்தில் அவள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். இட்லித் தட்டோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியல. பலூன்தான் தெரியுது. பரவால்ல வுடு, அருணா."

பாலாஜி கீழேயிருந்து சொன்னார், "ஒரே ஒரு வீடுதான மேடம்? அவங்களுக்கு மாடியே கெடயாது. பாக்கணும்னா உங்க மாடிக்கு வந்து பாத்துக்கட்டுமே. நீங்க சரின்னா அவங்களும் போட்டுடுவாங்க."

அது உண்மை. நான் சரி என்றால் ஜோதியம்மாள் போட்டுவிடுவாள். ஏற்கெனவே ஒரு தரம் அப்படித்தான் போட்டாள். நினைத்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"அவங்க அடுப்பு வாசல்ல இருக்குது சார். காலைல நாலரை மணிக்கு உக்காந்தா பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கறாங்க. நடுவுல என் மாடிக்கு எப்ப ஏறுவாங்க? எறக்குங்க கயித்த!"

"மேடம், இதுக்கு மேல கம்மி பண்ணா..."

"எறக்குங்க!" என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை. எதிர் மாடி சொன்னது. அடுத்த மாடியும் சொன்னது. உச்சி நன்றாகத் தெரிகிற, இனி எதுவுமே கேட்க வேண்டாத வீடுகள் எல்லாம் சேர்ந்து கத்தின. அருண்பிரசாத் பாலாஜியின் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை இழுக்க ஆரம்பித்தார். ஏழாவது துணி அவர் கைக்கு வந்தது. நான் படியில் தடதடவென்று இறங்கித் தெருவில் ஓடினேன். ஐம்பதை நெருங்குகிறவள், செருப்புகூடப் போடவில்லை.

"ஜோதியம்மா, எழுந்திருங்க. நான் உக்காரணும்."

அவள் நகர்ந்தாள். அடுப்பின் சூடு முழங்காலில் அடிக்க, அவள் பலகையில் அவள் உட்காருகிற மாதிரியே குனிந்து உட்கார்ந்தேன். ஆறாவது துணியும் இறங்கியது. பலூன் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அதற்கு மேலே ஒரு கீற்றுப் பாறை. கயிறு இன்னும் இறங்கியது. பாறை அகலமாகி, இரண்டு பக்கமும் சரிந்து, உச்சி முழுசாக வெளியே வந்தது.

"இப்ப நீங்க வந்து பாருங்க" என்று எழுந்தேன். ஜோதியம்மாள் உட்கார்ந்தாள். இட்லித் துணியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். 

பிறகு தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினாள், "தெரியுது! தம்பி, அங்கயே முடிச்சுப் போடு!"

தெருவில் இருந்த அத்தனை மாடியும் ஆர்ப்பரித்தன. யாரோ தட்டைத் தட்டினார்கள். அருண்பிரசாத் மனையில் அடித்திருந்த முளையில் கயிற்றைச் சுற்றி, ஐந்தாவது துணி இருந்த இடத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டார். எழுந்து எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் ஜோதியம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஐந்து மாடியைப் பார்த்துக் கை தட்டினோம்.